கிரயம் என்று சொல்லிக் குத்தகைக்கு விடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய திரைப்படங்களை இணையக் கடைகளில் விலைக்கு வாங்கி, 'கிளவுட்' எனப்படும் மேகச் சேமிப்பில் வைத்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். குறுந்தகட்டில் கீறல் விழும், பென்டிரைவ் தொலைந்துபோகும், மேகத்தில் வைத்ததற்கு மட்டும் ஒன்றும் ஆகாது என்ற தொனியில் அக்கட்டுரை முடிந்திருந்தது. அதே நம்பிக்கையில் நான்கு ஆண்டுகள் படம் வாங்கியவன் நான். அதற்கு முன்பு திருத்துறைப்பூண்டியில் 34 ஆண்டுகள் ஆவண எழுத்தராக இருந்து கிரயம், குத்தகை, ஒத்தி, தானம், விடுதலை என்று பத்திரங்களோடு பிழைத்தவன். அந்த இரண்டு அனுபவங்களையும் வைத்துக்கொண்டு, கட்டுரை சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கடைகளில் 'வாங்கு' என்று எழுதியிருக்கும் பொத்தானை அழுத்துவதால் நமக்குக் கிடைப்பது கிரயம், அதாவது முழு விற்பனை, அல்ல.

நான் மேகத்துக்குப் போன கதை கஜா புயலில் தொடங்குகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயல், எங்கள் வீட்டுப் பின்கட்டின் ஓடுகளை வாரிக்கொண்டு போனது. பின்கட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் போகும்போதெல்லாம் வாங்கிச் சேர்த்த வி.சி.டி., டி.வி.டி. தகடுகள் அறுபதுக்கு மேல் அதில் இருந்தன. சிறு வயதில் கீற்றுக் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்த படங்கள்தாம் பெரும்பாலும். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தபோது உறைத்தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. தகடுகளின் ஓரத்தில் வெள்ளிப் பூச்சு கருவாட்டுச் செதில் போலப் பெயர்ந்து வந்தது. என் மனைவி அவற்றைக் கிணற்றுத் தண்ணீரில் அலசி, வடாம் காயப்போடும் வேட்டியில் பரப்பி நிழலில் காயவைத்தார். மின்சாரம் வர இருபது நாளுக்கு மேல் ஆனது. வந்ததும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் 11 தகடுகள் ஓடின.

அந்தப் பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இனிமே இந்தப் பெட்டியெல்லாம் வேண்டாம்ப்பா, ஒரு தடவ வாங்கிட்டா அது கிளவுட்ல கெடக்கும், எந்த போன்லயும் எறக்கிக்கலாம்" என்றான். அவன் சொன்னதில் அன்றைக்குத் தவறு எதுவும் இல்லை. தன் கணக்கிலேயே ஒரு கைக்கணினியை எனக்கு ஏற்பாடு செய்து கொடுத்து, 2019 தொடங்கி ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒன்றிரண்டாக 14 படங்கள் வாங்கிக் கொடுத்தான். நம் பணத்தில் ஏறக்குறைய 8,000 ரூபாய் ஆகியிருக்கும். கடையின் பெயரை இங்கே எழுதுவதற்கில்லை. ஒரு கடையின் மேல் குறை சொல்வதற்காக இந்தக் கடிதத்தை எழுதவில்லை, எல்லாக் கடைகளின் ஆவணமும் அநேகமாக ஒரே அச்சில் வார்த்ததுதான்.

அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். படத்தின் முகப்பு ஓவியம் இருக்கும்; அதன் ஓரத்தில் சிறிய மேகமும் மேகத்துக்குள் கீழ்நோக்கிய அம்பும் இருக்கும். அதைத் தொட்டால் ஒரு வட்டம் நிரம்பத் தொடங்கும். எங்கள் ஊரில் அந்த வட்டம் நிரம்புவது ஒரு பெரிய காரியம். உயர்தரத்தில் ஒரு படம் 4 ஜி.பி. அளவுக்கு வரும், நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. என்று அளந்து தரும் திட்டத்தில் அது மூன்று நாள் படி. தரவு கையில் இருந்தாலும் செல்போன் கோபுரம் ஒத்துழைக்க வேண்டும். விநாடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைத்தால் ஒரு படம் இறங்க நாலரை மணி நேரம் பிடிக்கும். இரவு படுக்கும்போது அம்பைத் தொட்டுவிட்டு, விடியற்காலையில் எழுந்து வட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பது எனக்கு வயலில் தண்ணீர் பாய்ந்துவிட்டதா என்று பார்ப்பது போல ஆகிவிட்டது. கைக்கணினியில் இடம் போதாதபோது ஒரு படத்தை அழிப்பேன். மேகத்தில் இருக்கிறதே என்ற தைரியம். வேண்டும்போது மறுபடி காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்வேன். வெள்ளத்திலும் புயலிலும் வீட்டுச் சாமான் போகக்கூடிய நம் பகுதிக்கு இது ஒரு வரம் என்றே நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

2023இல் மகன் ஊர் திரும்பினான். சிங்கப்பூர் வங்கிக் கணக்கை முடித்துவிட்டதால், கடைக் கணக்கின் நாட்டை இந்தியா என்று மாற்ற வேண்டியிருந்தது. மாற்றிய மறுநாள் பார்த்தால் 14 படங்களில் 9தான் பட்டியலில் இருந்தன. காணாமல் போன 5 படங்களில் இரண்டை முன்பே கைக்கணினியில் இறக்கி வைத்திருந்தேன். அவற்றின் முகப்பு ஓவியம் மட்டும் நின்றது, ஓரத்தில் இருந்த மேகமும் அம்பும் இல்லை. அவை சில மாதம் ஓடவும் செய்தன. பிறகு மின்கலம் உப்பி, பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் கைக்கணினியைத் துடைத்துப் புதிதாக்கித் தந்தார்கள். அத்தோடு அவையும் போயின. வாடிக்கையாளர் சேவைக்கு எழுதியதற்கு, குறிப்பிட்ட படங்கள் இந்தியக் கடையில் விற்பனைக்கு இல்லை, ஆகையால் மறுபதிவிறக்கம் செய்ய இயலாது, இது நிபந்தனைகளில் ஏற்கெனவே கூறப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது.

நிபந்தனைகளில் கூறப்பட்டிருக்கிறது என்று யாராவது சொன்னால் எடுத்துப் படித்துப் பார்ப்பது என் தொழில் புத்தி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு மாலை உட்கார்ந்து படித்தேன். உள்ளடக்கம் விற்கப்படவில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தரப்படுகிறது என்று இருந்தது. அந்த உரிமத்தை வேறொருவருக்கு மாற்ற இயலாது என்று இருந்தது. வாங்கிய படம் பிற்காலத்தில் கிடைக்காமல் போகலாம், அதற்குக் கடை பொறுப்பல்ல என்று இருந்தது. இவற்றையெல்லாம் விட என்னைச் சிரிக்க வைத்தது, இறக்கிய படத்தைத் தொலைக்காமல் பார்த்துக்கொள்வது வாங்கியவரின் பொறுப்பு, ஆகையால் தனியே நகல் எடுத்து வைத்துக்கொள்ளவும் என்ற அறிவுரை. நகல் எடுத்தால் அது வேறெங்கும் ஓடாதபடி பூட்டி வைத்திருப்பவர்களே அதைச் சொல்கிறார்கள்.

கிரயப் பத்திரத்தில் நாங்கள் எழுதும் வழக்கமான வாசகம் ஒன்று உண்டு. சொத்தை வாங்கியவர் அதை 'இன்று முதல் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்பதே அது. இந்த வாசகத்தின் வடமொழி வாடையைக் கேலி செய்து, நல்ல தமிழில் எழுதக் கூடாதா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கேட்டதில் நியாயமும் உண்டு. ஆனால் அதில் வெறும் அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும், தானமாகக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம், யாரையும் கேட்காமல் அனுபவிக்கலாம் என்று ஐந்து உரிமைகளை அந்த ஒரு வரி எண்ணிக் கொடுக்கிறது. தகரப் பெட்டியில் மிஞ்சிய 11 தகடுகளில் ஒன்றை எடுத்து எதிர்வீட்டுக்காரருக்குப் பார்க்கக் கொடுக்கிறேன். அவர் திருப்பித் தர மறந்துபோவதும் உண்டு. நான் போன பிறகு பெட்டி மகனுக்குப் போகும். மேகத்தில் இருக்கும் 9 படங்களை வைத்துக்கொண்டு இந்த ஐந்தில் ஒன்றையும் என்னால் செய்ய முடியாது.

சரி, கிரயம் இல்லையென்றால் குத்தகை என்றாவது சொல்லலாமா என்று பார்த்தால், குத்தகைக்கும் இந்த ஏற்பாடு ஈடாகாது. சாகுபடி செய்கிற குத்தகைதாரரை, குத்தகை பாக்கி வைத்தது, நிலத்தைப் பாழாக்கியது போலச் சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்று 1955ஆம் ஆண்டின் சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வெளியேற்ற வேண்டுமென்றாலும் முறைப்படி மனுப் போட்டு, இரு தரப்பையும் விசாரித்த பிறகே முடியும். குத்தகைதாரரின் பெயரைப் பதிந்து வைப்பதற்கென்றே 1969இல் தனிச் சட்டம் வந்தது. அந்தச் சட்டங்களுக்குப் பின்னால் இந்த மண்ணில் எவ்வளவு போராட்டம் இருந்தது என்பதை டெல்டா வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திரைப்படத்தை 'வாங்கிய' எனக்கோ காரணமும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை, விசாரணையும் இல்லை. முழுக் கிரயத் தொகையையும் முன்னதாக வாங்கிக்கொண்டு, கைவசத்தை மட்டும் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற ஓர் ஆவணத்தை யாராவது என் மேசைக்கு எழுதச் சொல்லி வந்திருந்தால், வேறு எழுத்தரைப் பாருங்கள் என்று அனுப்பியிருப்பேன்.

இதே கடைகளில் 'வாடகை' என்ற பொத்தானும் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பணம் கட்டிய 30 நாளுக்குள் படத்தைத் தொடங்கலாம், தொடங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்பது அதில் பெரும்பாலும் உள்ள நிபந்தனை. அது நாணயமான ஏற்பாடு; கெடு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிகிறது, அதற்கேற்ற விலையும் குறைவாக இருக்கிறது. வாடகை என்று ஒன்றைத் தனியாக எழுதி வைத்து, அதைவிடப் பல மடங்கு விலைக்கு 'வாங்கு' என்று இன்னொன்றை எழுதி வைத்தால், படிக்கிறவர் என்ன பொருள் கொள்வார்? வாடகை அல்லாதது தனக்கே சொந்தம் என்றுதான் பொருள் கொள்வார்.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதையும் ஓரளவு தெரிந்துகொண்டேன். நாம் இறக்கும் கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டது. அதைத் திறக்கும் சாவி கடையின் சேவையகத்திலிருந்து ('சர்வர்') வருகிறது. இந்தக் கணக்கு, இந்தக் கருவி, இந்த நாடு என்று சரிபார்த்த பிறகே அது தரப்படும். கூகுளின் வைடுவைன், ஆப்பிளின் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டின் பிளேரெடி ஆகியவை இந்தப் பூட்டுகளின் பெயர்கள். கோப்பை எங்கே நகலெடுத்து வைத்தாலும் சாவி கூடவே வராது. கணக்கிலிருந்து வெளியேறினால் படம் நிற்கும். ஆக, 'இறக்கி வைத்துவிட்டேன்' என்று நிம்மதி கொள்வதும் பாதி நிம்மதிதான். நெல்லை நம் குதிரில் கொட்டிவிட்டுச் சாவியை வியாபாரி இடுப்பில் சொருகிக்கொண்டு போவது போன்ற ஏற்பாடு அது. பூட்டை உடைப்பதும் எளிதான யோசனை அல்ல. பதிப்புரிமை மீறும் நோக்கத்தோடு இத்தகைய தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு சொல்கிறது.

படங்கள் ஏன் மறைகின்றன என்று கேட்டால் கடைகள் சொல்லும் காரணத்திலும் உண்மை இருக்கிறது. கடைக்குப் படம் சொந்தமில்லை. தமிழ்ப் படத்தின் உரிமை தயாரிப்பாளரிடமிருந்து நெகடிவ் உரிமை, சாட்டிலைட் உரிமை, வெளிநாட்டு உரிமை, இணைய உரிமை என்று துண்டு துண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு என்று கைமாறுகிறது. திருச்சி, தஞ்சை வட்டாரத்தை 'டி.டி. ஏரியா' என்று ஒரே துண்டாக்கி விநியோகத்துக்கு விற்று வாங்கிய பழைய வழக்கத்தின் நீட்சிதான் இது. இன்றைய ஏரியா, நாடு என்று ஆகியிருக்கிறது. பழைய படங்களில் தயாரிப்பாளர் காலமாகி, வாரிசுகள் ஆளுக்கொரு பத்திரத்தை நீட்டுவதும் உண்டு. கடைக்கும் உரிமையாளருக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்தால் படத்தைப் புதிதாக விற்கக் கூடாது; அது சரி. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் இருந்தபோது விலை கொடுத்து வாங்கியவரை அந்த முடிவு ஏன் பாதிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. கொடுத்த கடனுக்கு ஈடாகப் பத்து ஆண்டு ஒத்திக்கு நிலத்தை வைத்திருப்பவர் அந்த நிலத்தைக் கிரயம் எழுதிக் கொடுக்க வந்தால், வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்த அரை மணி நேரத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். படத்துக்கு வில்லங்கம் பார்க்க அலுவலகம் ஏது? கடை தன்னிடம் இருக்கும் உரிமை எத்தனை ஆண்டுக்கு என்பதை நமக்குச் சொல்வதும் இல்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விபத்தல்ல என்பதைப் பிற நாடுகளில் நடந்தவை காட்டுகின்றன. ஹாலிவுட்டின் பல பெரிய படநிறுவனங்கள் கூட்டாக 2011இல் தொடங்கிய அல்ட்ராவயலட் என்ற மேகப் பெட்டகம், ஒரு முறை வாங்கிய படத்தை எந்தக் கருவியிலும் பார்க்கலாம் என்று சொல்லித்தான் வந்தது. 2019 ஜூலை 31 அன்று அதை மூடிவிட்டார்கள். வேறு கடைகளோடு கணக்கை இணைத்துக்கொண்டவர்களின் படங்கள் பெரும்பாலும் தப்பின. சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிக்கான கடையில் டிஸ்கவரி தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை விலைக்கு வாங்கியவர்களுக்கு, 2023 டிசம்பர் 31 முதல் அவை உங்கள் நூலகத்திலிருந்து நீக்கப்படும் என்று சோனி அறிவித்தது. பெரிய கூச்சல் எழுந்து, அந்த மாதமே உரிம ஏற்பாடு புதுப்பிக்கப்பட்டு அறிவிப்பு கைவிடப்பட்டது. புத்தகத்திலும் இதே கதை. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் கருவியில் இருந்த புத்தகங்களும் திறக்காமல் போயின. ஆனால் அந்த நிறுவனம் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது என்பதை நான் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்புகிறேன். திருப்பிக் கொடுக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

பூட்டு இல்லாமல் விற்கவே முடியாது என்ற வாதத்தையும் நான் ஏற்க மாட்டேன். ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2009ஆம் ஆண்டிலேயே பாட்டுகளுக்குப் பூட்டை எடுத்துவிட்டது. அங்கே வாங்கிய பாட்டுக் கோப்பை இறக்கி வைத்திருப்பவர், கடையே நாளை இல்லாமல் போனாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் பாட்டு வியாபாரம் படுத்துவிடவில்லை. திரைப்படத்துக்கு மட்டும் பூட்டு தொடர்கிறது. திருட்டுப் பதிப்பு பெருகிவிடும் என்கிறார்கள். படம் வெளியான அன்றே திருட்டுப் பதிப்பு எங்கெங்கோ கிடைக்கும் நாட்டில், பூட்டு யாரைத் தடுக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. திருட்டுப் பதிப்பை நான் பார்ப்பதில்லை. பார்க்கச் சொல்லவும் இல்லை.

கடைகளின் பக்கம் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. எத்தனை முறை இறக்கினாலும் கூடுதல் காசு கேட்பதில்லை. சில கடைகள் முன்பு வாங்கிய படத்தின் தரத்தை உயர்த்தியும் கொடுத்தன. 2017இல் ஆப்பிள், உயர்தரத்தில் வாங்கிய படங்களுக்கு அதைவிடத் துல்லியமான 4கே பதிப்பு வந்தபோது அதைக் கட்டணமின்றி மாற்றிக் கொடுத்தது. என் தகரப் பெட்டி அப்படி எதையும் செய்ததில்லை. மேகச் சேமிப்பே வேண்டாம் என்பது என் கட்சி அல்ல.

நம் ஊர்ப்பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்லியாக வேண்டும். புது செல்போன் வாங்கும் பெரியவர்களுக்குக் கணக்குத் திறந்து கொடுப்பவர் பெரும்பாலும் கடையில் இருக்கும் தம்பிதான். அவர் ஏதோ ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் போட்டுத் திறந்து கொடுப்பார். அந்தச் சொல் அவருக்கும் நினைவில் இருக்காது, வாங்கியவருக்கும் தெரியாது. இரண்டாவது சிம்முக்கு மூன்று மாதமாக ரீசார்ஜ் செய்யாமலும் பயன்படுத்தாமலும் விட்டு, எண் வேறொருவருக்குப் போய்விட்டால், ஓ.டி.பி.யும் அவருக்கே போகும். படம் மேகத்தில் பத்திரமாக இருக்கும். உள்ளே போக வழிதான் இருக்காது. படம் வாங்குகிறவர்கள் தங்கள் சொந்த மின்னஞ்சலில், வீட்டில் நடப்பில் இருக்கும் எண்ணில் கணக்கை வைத்துக்கொள்ள வேண்டும். கடவுச்சொல்லை ரேஷன் அட்டை வைக்கும் இடத்தில் ஒரு தாளில் எழுதி வைத்தாலும் தவறில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பும் பிள்ளைகள், கணக்கின் நாட்டை மாற்றுவதற்கு முன்பு வாங்கியவை அனைத்தையும் ஒரு கருவியில் இறக்கிவிட வேண்டும், பிறகு அந்தக் கருவியைத் துடைக்க விடக் கூடாது. நான் செய்யத் தவறியது இதுவே.

வாரிசு விஷயம் இன்னும் மோசம். ஒருவர் காலமானால் அவருடைய புகைப்படங்களையும் குறிப்புகளையும் உரியவர் எடுத்துக்கொள்ள ஆப்பிள் 2021 டிசம்பரில் 'லெகசி காண்டாக்ட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் விலைக்கு வாங்கிய படங்களும் பாட்டுகளும் புத்தகங்களும் அதில் சேராது. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பதற்காகக் குடும்பப் பணத்தில் வாங்கிய படம், கணக்கு வைத்திருந்தவரோடு சுடுகாட்டுக்குப் போய்விடுகிறது.

சட்டத்தில் இதற்கு வழி உண்டா என்று பார்த்தேன். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், டிஜிட்டல் பொருட்களுக்கும் பொருந்தும் என்று தெளிவாகவே சொல்கின்றன. வாங்குபவரைத் திசைதிருப்பும் 13 வகைத் திரைத் தந்திரங்களைப் பட்டியலிட்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அனுமதியை விற்பனை என்று எழுதுவது அந்த 13இல் தனிப் பெயரோடு இடம்பெறவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். நிறுவனத்திடமிருந்து முன்பு வந்த அதே பதில் மறுபடி வந்தது. திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை என்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் நன்மைகள். ஆனால் ஒப்பந்தமே நியாயமற்றது என்று வாதிட வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். அதுவும் என் வழக்கில், கணக்கு மகன் பெயரில், பணம் கைமாறியது சிங்கப்பூரில், அனுபவ பாத்தியம் மட்டும் என்னுடையது. ஐந்து படத்துக்காக இந்தப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு அலைவது எனக்கே வேடிக்கையாகப் படுகிறது.

இதைத் தனி மனிதர்களின் வழக்காக விடாமல், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே கையில் எடுக்க வேண்டும். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளுக்கு 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தும் கடை, கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். கடையால் பிற்பாடு பறிக்க முடியாதபடி நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக் கொடுத்தால் அந்தக் கட்டாயம் இல்லை. அதே முறையை இங்கே கொண்டுவரத் தடையாக எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. என் பங்குக்கு மேலும் இரண்டு கேட்பேன். ஒரு படத்தைப் பட்டியலிலிருந்து எடுப்பதற்கு முன் அதை வாங்கியவர்களுக்கு 90 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, அதற்குள் பூட்டில்லாத பிரதியையோ கொடுத்த விலையையோ தர வேண்டும். கணக்கு வைத்திருப்பவர் இறந்தால், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் காட்டுகிறவருக்கு அந்தப் படங்கள் போக வேண்டும்.

அறிவிப்பு எந்த மொழியில், எந்த இடத்தில் இருக்கும் என்பது முக்கியம். நாற்பது பக்க ஆங்கில நிபந்தனைகளின் நடுவே புதைத்து வைத்தால் அது அறிவிப்பு ஆகாது. தமிழ்ப் படத்தைத் தமிழருக்கு விற்கும்போது, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலேயே, விலை அச்சிட்ட அதே அளவு எழுத்தில், தமிழில் இருக்க வேண்டும். அந்த வாசகத்தை எழுதத் தெரியவில்லை என்று கடைகள் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, பழைய தொழிலின் பழக்கத்தில் ஒரு வரைவை நானே எழுதியிருக்கிறேன். ஆணையமோ கடைகளோ எழுத்துக் கூலி தர வேண்டியதில்லை:

'இத்தொகைக்கு இப்படத்தைப் பார்க்கும் அனுமதி மட்டுமே தரப்படுகிறது. பிரதி எதுவும் தரப்படவில்லை. பட உரிமையாளருக்கும் எங்களுக்கும் உள்ள ஒப்பந்தம் …… ஆண்டு …… மாதம் வரை மட்டுமே உள்ளது. அதன்பின் இப்படத்தை மறுபடி பதிவிறக்க இயலாமல் போகலாம். தங்கள் கணக்கின் நாட்டை மாற்றினாலும் அவ்வாறே நேரலாம். இவ்வனுமதியை வேறொருவருக்கு விற்கவோ, தானமாகக் கொடுக்கவோ, வாரிசுகளுக்கு விட்டுச்செல்லவோ தங்களுக்குப் பாத்தியம் இல்லை. மேற்கண்டவற்றைப் படித்துப் பார்த்து, சம்மதித்து, பணம் செலுத்துகிறேன்.'

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்,
திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்.